வித்தியாசமான சாகசப் பயணங்கள்: கொடுக்கிற காசுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது?

தூரதேசி:

வணக்கம். பெரிய சாகசப் பயணம் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் சேமிப்பு இருக்கிறது. சலித்துச் சலித்துக் கடைசியில் மூன்று நிற்கின்றன: எடையின்மை விமானம், கப்பலில் அண்டார்டிகா, கிளிமஞ்சாரோ ஏற்றம். மூன்றும் மூன்று ரகம் என்பது தெரியும். ஆனால் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் "வாழ்வில் ஒருமுறை" என்று ஒரே பாட்டுதான். நிஜமாக எத்தனை நிமிடம், எத்தனை நாள், பணம் எதற்குப் போகிறது, எங்கே சொதப்பும் என்று யாரும் எழுதுவதில்லை.

"சூப்பரா இருந்துச்சு, கண்டிப்பா போங்க" வகைப் பதில்கள் வேண்டாம், தயவுசெய்து. கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காற்றாடி:

எடையின்மை விமானத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விமானம் சுமார் 45 முதல் 50 பாகை வரை மூக்கை உயர்த்தி ஏறும். அப்போது உங்கள் எடை 1.8 மடங்காகும். பிறகு விமானி இயந்திர விசையைக் குறைத்து, எறிந்த கல் போகிற வளைவில் விமானத்தைப் போகவிடுவார். அந்த 20, 22 வினாடிதான் மிதப்பது. கீழே வந்து நிமிரும்போது மறுபடி 1.8 மடங்கு. இதற்குப் பெயர் ஒரு பரவளையம். பொதுமக்களுக்கான பறப்பில் வழக்கமாக 15 பரவளையம் இருக்கும்.

15-ஐ 22-ஆல் பெருக்கி ஐந்தரை நிமிடம் என்று மகிழ வேண்டாம். முதல் இரண்டு மூன்று பரவளையங்கள் செவ்வாய் ஈர்ப்புக்கும் (பூமியில் மூன்றில் ஒரு பங்கு) நிலா ஈர்ப்புக்கும் (ஆறில் ஒரு பங்கு) போய்விடும். முழு எடையின்மை கிடைப்பது 12 என்றால், 264 வினாடி. நாலரை நிமிடம்கூட இல்லை. அதிலும் முதல் இரண்டில் எல்லோரும் நீச்சலடிப்பது போலக் காலை உதைப்பார்கள். தள்ள அங்கே தண்ணீர் இல்லை. காலை உதைத்தால் பக்கத்தில் இருப்பவர் முகத்தில்தான் படும். விரல் நுனியால் தரையை லேசாகத் தொட்டாலே போதும், உடம்பு மேலே எழும்பிவிடும்.

காசு வீணாவதற்கு முதல் காரணம் குமட்டல். இதே வேலையைச் செய்த நாசா விமானத்துக்கு "வாந்தி வால்நட்சத்திரம்" என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை. எடை கூடும் கட்டத்தில்தான் தவறு நடக்கிறது: அப்போது தலையைத் திருப்பிப் பக்கத்தில் பேசினாலோ, படம் பிடித்தது வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலோ, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பிவிடும். மல்லாந்து படுத்து, கூரையில் ஒரு புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். காலையில் வெறும் வயிறும் கூடாது, நிறை வயிறும் கூடாது. பறப்புக்கு முன் கொடுக்கும் குமட்டல் மருந்தை வீரம் காட்டி மறுக்காதீர்கள். கண் அழுத்தம், சிறுநீர்த் தடை போன்ற கோளாறு இருப்பவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். கேமராவை உடம்போடு பட்டையில் கட்டிவிட்டு மறந்துவிடுங்கள். கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்தால் 264 வினாடியில் பாதி திரைக்குள்ளேயே கழியும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ராக்கெட்டில் 100 கி.மீ. போவதுதான் அசல், விமானம் போலி என்று நினைப்பவர்கள் உண்டு. 100 கி.மீ. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு 3 சதவீதம்தான் குறைகிறது. அங்கே மிதப்பதும் இதே காரணத்தால்தான்: கலமும் நீங்களும் சேர்ந்து விழுந்துகொண்டிருக்கிறீர்கள். பயணிகளை அந்த உயரத்துக்குக் கொண்டுபோன நியூ ஷெப்பர்ட் ராக்கெட்டில் புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை சுமார் 10, 11 நிமிடம். அதில் மிதந்தது 3, 4 நிமிடம். மிதக்கும் நேரம் கிட்டத்தட்ட விமானத்தின் அளவுதான். அங்கே கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுக்க ஜன்னலுக்கு, அதாவது கறுத்த வானத்துக்கும் பூமியின் வளைவுக்கும். ஜன்னல் வேண்டாம், மிதந்தால் போதும் என்றால் விமானம்தான் புத்திசாலித்தனம்.

என் தீர்ப்பு: உடம்பின் உணர்வுக்காகப் போகிறவர்களுக்கு இது தகும், ஏனென்றால் தரையில் எதுவும் இதற்கு ஈடில்லை. கதை சொல்லவும் படம் காட்டவும் என்றால் அண்டார்டிகாவுக்கே போங்கள்.

தென்முனை:

அண்டார்டிகா விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, கப்பலில் எத்தனை பேர் என்பதை. 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் யாரையும் கரையில் இறக்கக் கூடாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கவும் கூடாது. இந்த இரண்டு விதியில்தான் முழு விலைப்பட்டியலும் அடங்கியிருக்கிறது. "பாதி விலையில் அண்டார்டிகா" என்று கண்ணில் படுவதில் பெரும்பாலானவை அந்தப் பெரிய கப்பல்கள். தளத்தில் நின்று தூரத்தில் பனிமலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 200 பேர் கப்பல் என்றால் இரண்டு அணியாகப் பிரிப்பார்கள். ஓர் அணி கரையில் இருக்கும்போது மற்றது ரப்பர் படகில் சுற்றும். 100 பேருக்குள் என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம், கரையில் இருக்கும் நேரம் கூடும். ஒரு தலைக்கு விலை ஏறுவதும் அதனால்தான்.

அடுத்தது நாள் கணக்கு. 10, 11 நாள் பயணம் என்று போட்டிருப்பார்கள். தென் அமெரிக்காவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து டிரேக் கடலைத் தாண்டப் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். ஏறுகிற நாளும் இறங்குகிற நாளும் கழிந்தால் அண்டார்டிகத் தீபகற்பத்தில் மிஞ்சுவது நாலு, ஐந்து நாள். நாளுக்கு இரண்டு இறக்கம் திட்டத்தில் இருக்கும், காற்று சில இறக்கங்களைத் தின்றுவிடும். ஆகவே மொத்த விலையைப் பத்தால் வகுக்காதீர்கள், தீபகற்ப நாட்களால் வகுத்து ஒப்பிடுங்கள். அப்படிப் பார்த்தால் பல நேரம் 12 நாள் பயணம் 10 நாளைவிட மலிவாக முடியும், ஏனென்றால் கூடுகிற இரண்டு நாளும் பனியில்தான் சேரும்.

டிரேக்கைத் தவிர்க்க விமானத்தில் போய்க் கப்பலேறும் வழியும் உண்டு: சிலி நாட்டின் புன்டா அரேனாஸிலிருந்து அண்டார்டிகாவை ஒட்டிய கிங் ஜார்ஜ் தீவுக்கு இரண்டு மணி நேரம். ஆனால் அங்கே இறங்கத் தெளிந்த வானம் வேண்டும். மேகம் கவிந்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க நேரும், அந்த நாட்கள் உங்கள் பனி நாட்களிலிருந்துதான் கழியும். விமானம் கிளம்பவே முடியாமல் போனால் பணம் எவ்வளவு திரும்பும் என்று ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். கடல்நோய்க்குப் பயந்து இதை எடுப்பவர்கள், பயத்துக்குப் பதில் பதற்றத்தை வாங்குகிறார்கள் என்பேன்.

கேபின் விஷயத்தில் காசை மிச்சப்படுத்தலாம். மேல் தளத்து பால்கனி அறைதான் விலை அதிகம், ஆட்டமும் அங்கேதான் அதிகம். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் இருக்கும் வட்ட ஜன்னல் அறை விலையும் குறைவு, குலுக்கலும் குறைவு. விழித்திருக்கும் நேரமெல்லாம் வெளித்தளத்தில்தானே நிற்கப்போகிறீர்கள்? தனியாகப் போகிறவர்கள் அறை முழுவதற்கும் கட்டினால் ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு ஆகும். அறையைப் பகிரும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள்.

மாதமும் முக்கியம். நவம்பரில் பனி அழுக்கில்லாமல் வெள்ளை வெளேரென்று இருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை பெங்குவின் குஞ்சுகள். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலங்கள் அதிகம். கரையோ பெங்குவின் எச்சத்தால் சிவப்பும் சேறுமாக இருக்கும், அந்த வாசனையை எந்தப் படமும் காட்டாது. பெங்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்த பிறகு கரையில் உட்காரவோ மண்டியிடவோ விடுவதில்லை. தாழ்ந்த கோணத்தில் படம் எடுக்கத் திட்டமிடுபவர்கள் கவனிக்க. ரப்பர் காலணி பெரும்பாலும் கப்பலிலேயே தருவார்கள், நீர்புகாத கால்சட்டை உங்களுடையது. ஒட்டுப்பட்டை வைத்த உடுப்பு வேண்டாம்: விதை சிக்கியிருக்கிறதா என்று ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளற வைப்பார்கள்.

ஒற்றையடிப்பாதை:

கிளிமஞ்சாரோவில் காசை வீணாக்க ஆகச் சிறந்த வழி, குறைந்த நாள் திட்டத்தை எடுப்பது.

பூங்காக் கட்டணம் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப்படுகிறது. இரவு தங்கத் தனி. ஆகவே ஒரு நாள் குறைத்தால் விலை சட்டென்று இறங்கும், ஆசை வரும். ஆனால் உடம்பின் கணக்கு வேறு. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. மரங்கு வழியின் ஐந்து நாள் திட்டத்தைப் பாருங்கள்: முதல் இரவு சுமார் 2,700 மீட்டர், இரண்டாம் இரவு 3,700, மூன்றாம் இரவு 4,700. ஒவ்வோர் இரவும் 1,000 மீட்டர், அதாவது விதியைப் போல இரண்டு மடங்கு. அதே நடுநிசியில் எழுப்பி 5,895 மீட்டர் உச்சிக்கு நடக்கச் சொல்வார்கள். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. பாதியில் திரும்பியவர்களுக்குக் கால் வலுவில்லை என்று நினைக்காதீர்கள், நாள் போதவில்லை.

எட்டு நாள் லெமோஷோ வழியில் பகலில் 4,600 மீட்டர் லாவா டவர் வரை ஏறி, தூங்க 3,900 சில்லறைக்கு இறங்குகிறீர்கள். உயரே போய் உடம்புக்குக் காட்டிவிட்டுத் தாழ்வில் தூங்குவது. இதற்காகக் கொடுக்கும் மூன்று நாள் கூடுதல் பணம்தான் மொத்தச் செலவிலேயே அதிகப் பலன் தரும் பகுதி. மரங்குதான் வேண்டும், அங்கே குடில்கள் இருக்கின்றன என்பவர்கள் ஆறு நாள் திட்டமாவது எடுத்து 3,700-இல் இரண்டு இரவு தங்குங்கள்.

அசிடசோலமைட் மாத்திரை 125 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, ஏற்றத்துக்கு முந்தின நாளிலிருந்து என்பது உயரத்தால் வரும் நோய்க்கு வழக்கமான தடுப்பு அளவு. சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி மரத்துப்போவதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் இந்த மருந்தின் இயல்பு, பதற வேண்டாம். பதற வேண்டியது இரண்டுக்கு: உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, குதிகாலை விரல்நுனியோடு சேர்த்து நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது. முதலாவது நுரையீரலில் நீர், அடுத்தது மூளை வீக்கம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: உடனே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருப்பது அல்ல.

விலை மலிந்த ஏற்பாட்டாளர் எங்கே கத்தரி வைக்கிறார் என்றால், பெரும்பாலும் சுமைதூக்குபவர்களின் கூலியில். ஒரு பயணிக்கு மூன்று, நான்கு சுமைதூக்குபவர்கள் தேவை; ஒருவர் தூக்கும் எடைக்குப் பூங்கா வைத்திருக்கும் வரம்பு 20 கிலோ. ஆள் குறைந்தால் ஒருவர் முதுகில் எடை ஏறும், அல்லது கூடாரமும் சாப்பாடும் இளைக்கும். முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்வி: என் குழுவுக்கு எத்தனை சுமைதூக்குபவர்கள், அவர்கள் தூங்கும் கூடாரம் எப்படி, ஆக்சிஜன் உருளையும் ஆக்சிமீட்டரும் மேலே வருமா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

உறைகுளிர் தூக்கப்பையை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். வாடகைக் காலணி மட்டும் ஆகாது, சொந்தக் காலணியைக் குறைந்தது ஒரு மாதம் நடந்து பழக்கிக் கொண்டுபோங்கள். உச்சி இரவில் தண்ணீர்ப்பையின் உறிஞ்சுகுழாய் உறைந்துவிடும், அதனால் புட்டியைக் கவிழ்த்து வையுங்கள் (பனி மேற்பரப்பில்தான் முதலில் கட்டும்). கைபேசியும் மாற்று மின்கலமும் உள்சட்டைப் பையில்.

குறுக்குச்சால்:

எல்லோரும் நிமிடத்தால் வகுக்கிறீர்களே, அந்தக் கணக்கிலேயே ஓட்டை இருக்கிறது.

மலைக் கொரில்லாவைப் பாருங்கள். ருவாண்டாவில் அனுமதிச்சீட்டு 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர். ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், கொரில்லாவோடு ஒரே ஒரு மணி நேரம். நிமிடத்துக்கு 25 டாலர்! காற்றாடி கணக்கில் இது கொள்ளை. ஆனால் அந்தச் சீட்டுப் பணம் காவலர் சம்பளத்துக்கும் காட்டுக்கும் போகிறது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதால்தான் அந்த ஒரு மணி நேரம் சந்தைக்கடையாக ஆகாமல் இருக்கிறது. வியட்நாமின் சன் டூங் குகையும் அப்படி, ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவுக்குத்தான் விடுகிறார்கள். சில இடங்களில் நாம் வாங்குவது நிமிடத்தை அல்ல, கூட்டமின்மையை.

(கொரில்லாவுக்கு 15 வயது நிரம்ப வேண்டும். சளி, இருமல் என்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், நம் நோய் அவற்றுக்குத் தொற்றும்.)

நிமிடக் கணக்கு சரியாகப் பொருந்துவது விமானத்திலிருந்து குதிப்பதற்குத்தான். பயிற்றுநரோடு சேர்த்துக் கட்டிக் குதிக்கும்போது வேகம் மணிக்கு 200 கி.மீ. அளவில் நிலைத்துவிடும், ஆயிரம் அடிக்கு ஐந்தரை வினாடி. 10,000 அடிக்குப் பதில் 13,000 என்று கூடுதல் பணம் கேட்டால், கிடைப்பது பதினாறு வினாடி. தகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

காற்றாடி:

குறுக்குச்சால் சொல்வதில் பாதி சரி. ஆனால் பணம் எங்கே போகிறது என்று தெரிந்தால்தானே கூட்டமின்மைக்குக் கொடுக்கிறோமா, விளம்பரத்துக்குக் கொடுக்கிறோமா என்று பிரிக்க முடியும்? வகுப்பது அதற்குத்தான்.

நுண்ணெழுத்து:

யாரும் காப்பீட்டைத் தொடவில்லை. சாதாரணப் பயணக் காப்பீடு இந்த மூன்றில் எதற்கும் அப்படியே பொருந்தாது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

மலைக்கு: பாலிசியில் உயர வரம்பு இருக்கும். 3,000 என்றோ 4,500 என்றோ போட்டிருந்தால் 5,895 மீட்டருக்கு அது வெறும் காகிதம். "மருத்துவ வெளியேற்றம்", "தேடுதல் மற்றும் மீட்பு" இரண்டும் வேறு வேறு பிரிவுகள். ஹெலிகாப்டர் எதில் வருகிறது என்று பாருங்கள். பல பாலிசிகள் ஹெலிகாப்டரை அழைப்பதற்கு முன்பே அவர்களின் அவசர எண்ணில் ஒப்புதல் கேட்கும். அந்த எண் வழிகாட்டியிடமும் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நிலையில் உங்களால் பேச முடியாது. நேபாளத்தில் தேவையில்லாமல் ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டுப் பணம் கறந்த மோசடி 2018-இல் அரசு விசாரணை வரை போனது. அதன் பிறகு நிறுவனங்கள் இதில் கறாராகிவிட்டன.

அண்டார்டிகாவுக்கு: வெளியேற்றத் தொகை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கப்பல் நிறுவனமே குறைந்தபட்சம் சொல்லும், அதைக் காட்டாமல் ஏற்ற மாட்டார்கள். எடையின்மை விமானத்துக்கு: "கட்டணப் பயணியாக வழக்கமான விமானத்தில்" என்ற வரி இருந்தால், இந்தப் பறப்பு அதற்கு வெளியே. எல்லாவற்றையும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் "எல்லாம் கவர் ஆகும் சார்" என்பதை நம்பிப் பயனில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், விலைக்கும் பாதுகாப்புக்கும் நேர்த்தொடர்பு இல்லை. டைட்டானிக் சிதைவைக் காட்டப் போன டைட்டன் நீர்மூழ்கியில் இருக்கைக்கு 2,50,000 டாலர். சுமார் 3,800 மீட்டர் ஆழம், அங்கே அழுத்தம் மேற்பரப்பைப் போல 380 மடங்கு. ஆழ்கடல் கலங்களுக்குப் பழகிய டைட்டானியமோ எஃகோ அல்லாமல், உடற்பகுதியைக் கார்பன் இழையில் செய்திருந்தார்கள். எந்தத் தர வகைப்பாட்டு அமைப்பும் அதற்குச் சான்று தரவில்லை. 2023 ஜூன் 18 அன்று உள்ளே இருந்த ஐவரும் இறந்தார்கள். சான்று இல்லை என்பது அவர்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே இருந்தது.

நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவு வேறு வகை. அங்கே போவது அன்றாடச் சுற்றுலாவாகவே இருந்தது. 2019 நவம்பரில் எச்சரிக்கை நிலையை 2-க்கு உயர்த்தினார்கள். வெடிப்பு நடக்காத நிலையில் அதுதான் உச்ச எண். சுற்றுலா நிற்கவில்லை. டிசம்பர் 9 அன்று வெடித்தபோது தீவில் 47 பேர், இறந்தவர்கள் 22.

ஆக, ஏற்பாட்டாளரிடம் "பாதுகாப்பானதா" என்று கேட்டுப் பயனில்லை, ஆம் என்றுதான் சொல்வார். "எந்த நிலை வந்தால் ரத்து செய்வீர்கள், அந்த முடிவை எடுப்பது யார், கடைசியாக எப்போது ரத்து செய்தீர்கள்?" என்று கேளுங்கள். ரத்தே செய்ததில்லை என்று பெருமையாகச் சொன்னால் அவரிடம் போகாதீர்கள்.

தூரதேசி:

எல்லோருக்கும் நன்றி. எடையின்மை விமானம் பட்டியலிலிருந்து போய்விட்டது. படம் காட்ட ஆசைப்படும் ஆள்தான் நான் என்று ஒப்புக்கொள்கிறேன். அண்டார்டிகாவா, எட்டு நாள் லெமோஷோவா என்பதில் நிற்கிறேன். இரண்டு சந்தேகம். கிளிமஞ்சாரோ முடித்த கையோடு பக்கத்துக் கடலில் ஸ்கூபா முழுக்கும் சேர்க்கலாமா? அண்டார்டிகாவுக்குக் கடைசி நேரத் தள்ளுபடி என்று சொல்கிறார்களே, நம்பலாமா?

தென்முனை:

தள்ளுபடி உண்மைதான், ஆனால் அது ஏற்கெனவே உஷுவாயாவில் பையோடு உட்கார்ந்திருப்பவருக்கு. தூரத்திலிருந்து வருகிறவருக்குக் கடைசி நேர விமானச்சீட்டு அந்த லாபத்தை விழுங்கிவிடும், எந்தக் கப்பல், எந்த அறை என்று தேர்ந்தெடுக்கவும் முடியாது. உங்களுக்கு ஒத்துவருவது ஓராண்டு முன்னதாகவே பதிவு செய்வது, அல்லது நவம்பர் தொடக்கம், மார்ச் போன்ற ஓரப் பருவம். கப்பலேறும் ஊருக்கு ஒரு நாள் முன்பே போய்ச் சேருங்கள். பெட்டி தவறினால் பிறகு வந்து சேர வழியே கிடையாது.

ஒற்றையடிப்பாதை:

முழுக்கு சேர்க்கலாம், ஆனால் வரிசை மாறக் கூடாது: முதலில் மலை, பிறகு கடல். முழுகிவிட்டு உயரத்துக்குப் போனால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாக வெளியேறும். ஒரு முழுக்குக்குப் பின் 12 மணி நேரம், பல முழுக்குகளுக்குப் பின் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும், ஊர் திரும்பும் நாளை அதற்கேற்பப் போடுங்கள். பயிற்சிச் சான்று இல்லையென்றால் அறிமுக முழுக்குக்கு 12 மீட்டர்தான் வரம்பு. பவளப்பாறை பார்க்க அதுவே தாராளம். மலையிலிருந்து சளியோடு இறங்கினால் முழுக்கை விட்டுவிடுங்கள். காதில் அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை கிழியலாம், கட்டிய பணமும் போகும்.